பதினைந்து வயதைத் தாண்டிய எக்ஸெல்

அரியலூர்த் தெருக்களில் டி.என். 61 எண்களுக்கு நடுவே டி.என். 46 என்று எழுதிய டிவிஎஸ் எக்ஸெல் வண்டிகளும் ஓடுகின்றன. 46 பெரம்பலூரின் எண். 2007 நவம்பர் 23 அன்று அரியலூர் மறுபடி தனி மாவட்டமாவதற்கு முன்பு பதிவானவை இவற்றில் பல. அப்படியானால் ஆர்.சி. புக்கில் முதலில் கொடுத்த பதினைந்து ஆண்டுக் கெடு முடிந்துவிட்டது. இத்தனை வயதான வண்டி ஆய்வுக்கு எந்த நிலையில் போகிறது, யார் கையால் தேறுகிறது என்று பார்க்கவே இரு மாவட்டங்களின் மெக்கானிக் கடைகளுக்கும் போனேன்.

லாரிக்கும் பஸ்ஸுக்கும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று உண்டு. சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர வண்டிக்கு அது கிடையாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் அந்த ஒரு நாளில்தான் வண்டி ஆய்வாளர் முன்னால் நிற்கிறது. ஊரில் அவருக்கு இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் பெயர். இடைப்பட்ட காலத்தில் இருப்பது புகைச் சான்று மட்டும். பழைய வண்டிகளுக்கு அது ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

பெரம்பலூரில் நான் உட்கார்ந்திருந்த கடையில், எக்ஸெல் சூப்பர் ஒன்றின் சைலென்சரைக் கழற்றி உள்குழாயை நெருப்பில் போட்டிருந்தார்கள். இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் கரி படிகிறது. எக்ஸாஸ்ட் வாயும் சைலென்சரும் அடைத்துக்கொள்ள, வண்டி இழுக்காது, புகை கக்கும். லிட்டருக்கு 20 மில்லி ஆயில் என்பது கடையில் சொல்லும் கணக்கு. செட்டிகுளம் பக்கத்திலிருந்து சின்ன வெங்காய மூட்டை ஏற்றி வருகிறவர்களோ, பாரத்துக்கு இன்ஜின் சூடாகிவிடும் என்று பயந்து கையளவில் கூடுதலாக ஊற்றிவிடுகிறார்கள். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் கரி தடிமனாக இருந்தது. கடைப் பையன் அதை பிளேடால் மெதுவாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். பிஸ்டனில் கீறல் விழாமல் எடுப்பதில்தான் அந்த வேலையின் நேர்த்தி.

வண்டிக்காரர் பெரியவர். ஆர்.சி. ரினிவலுக்காக வந்திருந்தார்.

"தம்பி, ஆபீஸ்ல பாஸானா போதும். ரொம்பச் செலவு வெச்சிறாத."

"பாஸாகுறது ஒரு நாளுங்கய்யா. மிச்ச நாளெல்லாம் நீங்கதான ஓட்டுறீங்க?" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் ஷூ கண்ணாடியாய்ப் பளபளத்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தார். லைனிங் மிச்சமில்லை என்று கண்டதும் புதிது வாங்கிவரச் சொன்னார்.

டிவிஎஸ் 50 என்ற பெயரில் 1980இல் வந்த வண்டியின் வாரிசு இந்த எக்ஸெல். கியர் இல்லை, எடை குறைவு, உதிரி பாகம் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். அதனால் தொழிலாளியும் விவசாயியும் பால்காரரும் இதை விடவில்லை. 2015இல் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினோடு எக்ஸெல் 100 வந்த பிறகும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் கைமாறிக் கைமாறி ஓடுகின்றன.

ஆய்வில் இந்த மாடல் இடறும் இடங்களை மெக்கானிக்குகள் வரிசையாகச் சொல்கிறார்கள். பாரம் கட்டுவதற்காகப் பின்சீட்டைக் கழற்றி இரும்புக் கேரியர் வெல்டிங் செய்திருப்பார்கள். பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடியும் சேலை கார்டும் போயிருக்கும். மத்திய மோட்டார் வாகன விதி 123 இரண்டையும் கட்டாயமாக்குகிறது. விளக்குக்கு மின்சாரம் மேக்னட் காயிலிலிருந்து வருவதால், இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஹெட்லைட் மங்கும். இண்டிகேட்டர், கண்ணாடி இரண்டும் பெரும்பாலும் இருக்காது. எல்லாவற்றையும்விடச் சிக்கலானது துரு. மனுவோடு சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சு வேண்டும். எண்ணைத் துரு அரித்திருந்தால் இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பயனில்லை.

அரியலூரில் இன்னொரு எதிரி தூசி. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் நிறைந்த மாவட்டம் இது. லாரிகள் ஓயாத சாலைகளில் வெள்ளைப் பொடி பறக்கிறது. அது ஏர் ஃபில்டரை அடைக்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோல் முழுதாக எரியாது. கார்பன் மோனாக்சைடு ஏறும். 2000 ஏப்ரல் முதல் தயாரான டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு அந்த வாயு 3.5 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 6,000 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது.

பால் கேன் கட்டிய வண்டியோடு வந்த ஒரு பெண், ஸ்க்ரூவைத் திருப்பிப் புகையைக் குறைத்துத் தரச் சொன்னார். சோதனை வரைக்கும் பெட்ரோலைக் குறைத்து, பிறகு பழையபடி வைத்துக்கொள்வது பலருக்கும் தெரிந்த குறுக்கு வழி. மெக்கானிக் ஒப்பவில்லை.

"மறந்து அப்படியே ஓட்டுனீங்கன்னா பிஸ்டன் சூடேறிப் புடிச்சிக்கும்க்கா. ஃபில்டரக் கழுவி மாட்டித் தர்றேன், அதுலயே கொறையும்."

மண்ணெண்ணெயில் கழுவிய ஃபில்டரிலிருந்து சேறாக இறங்கியது அந்தச் சாலையின் பொடி.

பிரிட்டனில் மூன்று வயதைக் கடந்த மோட்டார் சைக்கிள் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனைக்குப் போக வேண்டும். எந்தக் குறையால் தோற்றது என்பதை வாங்க வருகிறவர் அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இலங்கையில் வாகனத்தின் ஆண்டு வருமான அனுமதிப் பத்திரத்துக்குப் புகைச் சோதனைச் சான்று வேண்டும். நம் நாட்டில் பழைய எக்ஸெல் வாங்குகிறவருக்கு அப்படி எந்த வரலாறும் கிடைப்பதில்லை. தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டுவது ஒன்றே வழி.

கட்டணமோ ஏறிவருகிறது. புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 1,000 ரூபாய். 20 ஆண்டைக் கடந்த வண்டிக்கு 2025 ஆகஸ்ட் திருத்தப்படி 2,000 ரூபாய். பசுமை வரியும் பட்டறைச் செலவும் தனி. கணக்குப் பார்த்து வண்டியைக் காயலான் கடைக்குப் போடுகிறவர்கள் உண்டு. புதுப்பிக்காமலே வயல்வழியில் ஓட்டுகிறவர்களும் உண்டு. அந்த வண்டியின் பிரேக்கை எந்த அதிகாரியும் பார்க்கப்போவதில்லை.

இரண்டு ஊர்க் கடைகளிலும் நான் கண்ட உண்மை இதுதான்: பதினைந்து ஆண்டு முழுக்க வண்டியைச் சாலைக்குத் தகுதியாக வைத்திருப்பவர் மெக்கானிக். ஆனால் மனுவிலோ சான்றிலோ அவர் கையெழுத்துக்கு இடமில்லை. பட்டறைக்காரர்களுக்குப் பயிற்சியும் பதிவும் கொடுத்து, குறைந்த கட்டணத்தில் ஆண்டுக்கொரு பிரேக், விளக்கு, சேஸிஸ் சோதனையை அவர்களிடமே ஒப்படைக்கலாம். எந்த மாடல் எதனால் ஆய்வில் தோற்கிறது என்பதைப் போக்குவரத்துத் துறை ஊர்வாரியாக வெளியிடலாம். பிள்ளையை முன்னால் நிறுத்தி, மூட்டையைப் பின்னால் கட்டி ஓட்டுகிற ஏழைக் குடும்பத்தின் உயிர் அந்த பிரேக் ஷூவில் இருக்கிறது. அதைச் சோதிக்கப் பதினைந்து ஆண்டு காத்திருப்பது நியாயமில்லை.