'ருசியான' வெயில்... வாங்க, ஒரு எட்டு நடந்துட்டு வரலாம்!

நாலைந்து நாள் விடாமல் தூறிய பிறகு, நெதர்லாந்தில் ஒரு காலை நேரம் மேகம் விலகி வெயில் எட்டிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிராம் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர். ஒருவர் மற்றவர் பக்கம் திரும்பி, 'லெக்கர் வேர், ஹெ?' என்பார். அவ்வளவுதான், பேச்சு ஆரம்பித்துவிடும்.

இந்த 'வேர்' நம் மரத்தின் வேர் இல்லை. டச்சு மொழியில் அது வானிலை. 'லெக்கர்' என்றால் ருசி. 'ருசியான வானிலை, இல்ல?' என்று கேட்கிறார் மனிதர். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ஹெ?' அப்படியே நம்முடைய 'இல்ல?'தான். 'யா, லெக்கர்!' என்று திருப்பிச் சொன்னால் போதும். 'நாளைக்கு மறுபடி மழையாமே' என்று ஆரம்பிப்பது, பந்தியில் உட்கார்ந்து சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்வதுபோல. உண்மையாகவே இருந்தாலும் அங்கே சொல்லக் கூடாது!

இந்த லெக்கர் சாப்பாட்டோடு நிற்பதில்லை. நல்ல தூக்கமும் லெக்கர், வெயிலில் சைக்கிள் மிதிப்பதும் லெக்கர். உடம்புக்கு முடியவில்லை என்றால், 'எனக்கு லெக்கராக இல்லை' என்பார்கள். நாக்கில் பிறந்த சொல், உடம்பு முழுக்கப் பரவிவிட்டது.

எது நல்ல வெயில் என்பதில்தான் நமக்குச் சிரிப்பு வரும். 25 டிகிரியைத் தொட்டுவிட்டால் அங்கே அது 'கோடை நாள்'. 30 டிகிரி என்றால் 'வெப்பமண்டல நாள்'. டி பில்ட் என்ற ஊரில் இருக்கும் வானிலை மையத்தில் தொடர்ந்து ஐந்து நாள் 25 டிகிரியும், அதில் மூன்று நாளாவது 30 டிகிரியும் பதிவானால், அது அதிகாரபூர்வ வெப்ப அலை. நாமெல்லாம் 25 டிகிரிக்கு ஃபேனைக் குறைத்து வைக்கிற ஆட்கள். ஆனால், டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்கே இருட்டிவிடும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறவர்களுக்கு, ஒரு துண்டு வெயில் என்பது விருந்தாளி மாதிரி. அதனால்தான் சூரியனைக்கூட 'ஸொன்' என்று விறைப்பாகச் சொல்லாமல், 'ஸொனெட்யே' என்று கொஞ்சுகிறார்கள். குட்டிச் சூரியன்!

வால் மாதிரி ஒட்டிக்கொள்ளும் அந்த 'யே'தான் டச்சுக்காரர்களின் கெட்டிக்காரத்தனம். எதையும் சின்னதாக்கிவிடும். முக்கியமாக, உடற்பயிற்சியை.

உடற்பயிற்சி என்ற சொல்லுக்கே ஒரு வாத்தியார் முகம் உண்டு. நெதர்லாந்திலும் அந்த முகம் இருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடங்களாவது உடம்பை அசைக்க வேண்டும், தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சிகளை வாரம் இரண்டு முறை செய்ய வேண்டும் என்று அந்த நாட்டின் சுகாதாரக் கவுன்சில் 2017-ல் பரிந்துரைத்தது. ஆனால், வீட்டு வாசலில் யாரும் 150 நிமிடம் என்று பேசுவதில்லை. 'ப்ளொக்யே ஓம்?' என்றுதான் கேட்கிறார்கள். இந்த 'ஓம்' மந்திரமும் இல்லை, இலங்கைத் தமிழரின் 'ஆமாம்' என்கிற ஓமும் இல்லை. 'சுற்றி' என்று அர்த்தம். வரிசை வீடுகளைச் சுற்றி ஒரு குட்டிச் சுற்று. நம் மொழியில் சொன்னால், 'ஒரு எட்டு போயிட்டு வரலாமா?'

இந்தச் சின்னக் கேள்வியின் பலத்தைப் புரிந்துகொள்ள, மனைவியைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் போனில், 'அப்பா, தினமும் அரை மணி நேரம் நடந்தாகணும்' என்கிறார்கள். அக்கறைதான். ஆனாலும், அது உத்தரவு. 'சரி' என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி நாற்காலியில் சாய்ந்துவிடுவார். எதிர்வீட்டுக்காரரோ போட்ட கோட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று, 'ஹாத் ஊ மே? ப்ளொக்யே ஓம்?' என்கிறார். 'கூட வர்றீங்களா?' பெற்ற பிள்ளைகளே அப்பாவை ஒருமையில் அழைப்பது சகஜமாக உள்ள ஊரில், இந்த 'ஊ' மரியாதையான 'நீங்கள்'. அரை மணி நேரத்தை மறுக்கலாம், மருத்துவர் சொன்னதையும் மறுக்கலாம். தெருக்கோடி வரை போய் வருவதை எப்படி மறுப்பது? பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதும் இல்லை. நடுவே கண் கலங்கினாலும் பரவாயில்லை. அந்த ஊர்க் காற்றில் எல்லோருக்கும் கண் கலங்கும்!

காற்று என்றதும் இன்னொரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். 'அவ்ட்வாயன்'. நேராக மொழிபெயர்த்தால், 'வீசி வெளியேற்றுவது'. மனசு பாரமாக இருந்தால் ஸ்கெவெனிங்கன், ஸான்ட்வோர்ட் மாதிரிக் கடற்கரைக்குப் போய், ஆளைத் தள்ளும் காற்றுக்கு எதிரே நடந்துவிட்டு வருவார்கள். தலைக்குள் இருந்த குப்பையெல்லாம் பறந்துபோய்விடுமாம். சும்மா வெளிக்காற்று வாங்க வேண்டுமென்றால், 'ஃப்ரிஸ்ஸே நேஸ் ஹாலன்'. அதாவது, புது மூக்கு ஒன்று எடுத்து வருவது!

மேடே அதிகம் இல்லாத நாடு. அதனால் சைக்கிள்காரர்களுக்குக் காற்றுதான் மலை. பின்னால் இருந்து தள்ளினால் 'விண்ட் மே', முகத்தில் அறைந்தால் 'விண்ட் தேஹென்'. தாமதமாக வருகிறவருக்கு இந்த இரண்டாவது சொல் அருமையான சாக்கு. இதிலும் ஒரு போட்டி வைத்துவிட்டார்கள். ஓஸ்டர்ஸ்கெல்டே கடல் தடுப்பணை மீது சுமார் எட்டரை கிலோமீட்டர், கியர் இல்லாத சாதாரண சைக்கிளில், எதிர்காற்றில் மிதிக்க வேண்டும். 2013-ல் தொடங்கியது. புயல் காற்று வந்தால்தான் போட்டி!

இந்த நடைப்பழக்கம் பள்ளி வயதிலேயே தொடங்கிவிடுகிறது. கோடை எட்டிப் பார்க்கும் நாள்களில் நான்கு மாலைகள் தொடர்ந்து ஐந்து அல்லது பத்து கிலோமீட்டர் நடக்கும் 'ஆவொண்ட்ஃபீர்டாக்ஸே' பல ஊர்களில் உண்டு. பாதி எலுமிச்சையில் பெப்பர்மின்ட் மிட்டாயைச் செருகி, உறிஞ்சிக்கொண்டே நடக்கும் பிள்ளைகளைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். பெரியவர்களுக்கு நைமேகன் நகரின் நான்கு நாள் நடை. 1909-ல் தொடங்கியது, ஒரு நாளைக்கு 30 முதல் 50 கிலோமீட்டர். ஆனால், 2006 ஜூலையில் முதல் நாளே வெயில் கொளுத்தியதில் இருவர் இறந்துபோனார்கள். மீதி நாள்கள் ரத்து. லெக்கர் என்ற சொல்லுக்கும் ஒரு எல்லை இருப்பதை நாடே பார்த்த நாள் அது.

அந்தக் குட்டிச் சொற்களின் அருமை நன்றாகத் தெரிந்தது கொரோனா காலத்தில். 2021 ஜனவரியில் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு விருந்தாளிதான் வரலாம் என்றது அரசு. வெளியிலும் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நடக்கக் கூடாது. 23-ம் தேதி முதல் இரவு 9 மணிக்கு மேல் ஊரடங்கு. காபிக் கடை இல்லை, ஜிம் இல்லை. மிச்சம் இருந்தது 'ஒம்மெட்யே' மட்டும். குட்டி உலா. மூளை நலத்துக்கான அமைப்பு ஒன்று, பேராசிரியர் எரிக் ஸ்கெர்டருடன் சேர்ந்து 2020-ல் இதே பெயரில் ஒரு செயலியை விட்டிருந்தது. தினமும் 20 நிமிடம் நடந்தால் புள்ளிகள். ஆனால், பலரும் புள்ளிக்காகவா நடந்தார்கள்? அம்மாவைப் பார்க்க, தோழியிடம் அழ, காதலைச் சொல்ல... எல்லாவற்றுக்கும் தெருதான் கூடம். மழையைக் காட்டித் தயங்கினால் இருக்கவே இருக்கிறது பழைய பதில்: 'நீ என்ன, சர்க்கரையிலா செஞ்சிருக்கு?' கரைந்துவிட மாட்டாய், வா!

ஊரடங்கு முடிந்தது ஏப்ரல் 28. அன்றே உணவகங்களின் வெளித் திண்ணைகளும் திறந்தன. மதியம் 12 முதல் மாலை 6 வரை, மேசைக்கு இரண்டு பேர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெயில் காய்வதற்கும் ஒரு குட்டிச் சொல் வைத்திருக்கிறார்கள், 'தெராஷே' என்று. நாலு மாதம் தெருத்தெருவாக நடந்து பேசியவர்கள், அன்று கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து பேசினார்கள்.