பெல்ட் ஓடினால் போதுமா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகும் இளைஞர்கள் இரண்டு ஓட்டங்களுக்குத் தயாராகிறார்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், இது கட்டாயம். அடுத்து 100 அல்லது 400 மீட்டர். 100 மீட்டரை எடுத்துக்கொண்ட ஆண்கள் 15 விநாடிக்குள் ஓடினால் ஒரு ஸ்டார் (தேர்வு மதிப்பீட்டுப் புள்ளி), 13.5 விநாடிக்குள் ஓடினால் இரண்டு ஸ்டார். இதை வேகக் கணக்காக்கிப் பார்க்கலாம். 1,500 மீட்டருக்கு மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம் இருந்தால் போதும். 100 மீட்டரில் ஒரு ஸ்டாருக்கே சராசரி 24 கிலோமீட்டர் வேண்டும். இரண்டு ஸ்டாருக்கு 26.7. நின்ற நிலையிலிருந்து புறப்படுவதால் உச்ச வேகம் அதற்கும் மேலே போயாக வேண்டும். ஜிம்மில் இருக்கும் சாதாரண டிரெட்மில் பெரும்பாலும் 16 முதல் 20 கிலோமீட்டரோடு நின்றுவிடும். அதில் மாதக்கணக்கில் ஓடினாலும் மூச்சு வலுப்படுமே தவிர, 100 மீட்டருக்கான வேகத்தைக் கால் ஒருமுறைகூடச் சந்தித்திருக்காது.

அப்படியானால் விளையாட்டு வீரர்களுக்கென்றே செய்த அதிவேக டிரெட்மில் இருந்தால்? பெல்ட் மிக வேகமாக ஓடும், நன்றாகச் சாயும், விழுந்துவிடாமல் மேலிருந்து வாரால் பிடித்துக்கொள்ளும். இந்தக் கருவியை அலட்சியமாக ஒதுக்க முடியாது. வேக ஓட்டத்தைப் பற்றிய நம் அறிவில் ஒரு முக்கியமான பங்கு அதன் மேல் நடந்த சோதனையில்தான் கிடைத்தது. 2000-இல் ஆய்வாளர் பீட்டர் வெயாண்டும் அவருடைய குழுவினரும் விநாடிக்கு 6.2 முதல் 11.1 மீட்டர் வரை உச்ச வேகம் கொண்ட 33 பேரை டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். காற்றில் காலை வீசி முன்னே கொண்டுவர எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆனது. வேறுபட்டது தரையை மிதித்த விசை: உடல் எடைக் கணக்கில் மிக வேகமானவர் மிக மெதுவானவரைவிட 1.26 மடங்கு விசையோடு மிதித்தார். காலை விறுவிறுவென்று சுழற்றுவதே வேகம் என்ற மைதானத்து நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. பெல்ட்டைச் சாய்த்து ஏற்றத்தில் ஓடவிட்டால் குறைந்த வேகத்திலேயே இடுப்பும் தொடையும் கடுமையாக உழைக்கும் என்பதும் உண்மை.

ஆனால் ஒரே சீராக ஓடும் பெல்ட்டின் மேல் ஒருவர் நின்ற நிலையிலிருந்து தம் உடலை முடுக்கிக் கிளப்ப வேண்டியதில்லை. வேகத்தை மோட்டார் கொடுத்துவிடுகிறது; அவர் அதற்கு ஈடுகொடுக்கிறார். எதிர்க்காற்றும் இல்லை. 100 மீட்டரில் முதல் சில விநாடிகள் முழுவதும் முடுக்கம்தான். கபடியில் இது இன்னும் வெளிப்படை: ஆண்கள் ஆடுகளத்தின் ஒரு பாதி 6.5 மீட்டர்தான். அதற்குள் யாரும் உச்ச வேகத்தைத் தொடப் போவதில்லை. பாடிப் போகிறவருக்கு வேண்டியது முதல் இரண்டு மூன்று எட்டில் வரும் வெடிப்பு. அந்த வெடிப்புக்கு இடுப்பில் கயிறு கட்டிப் பழைய லாரி டயரை இழுத்து ஓடுவது இந்த டிரெட்மில்லைவிடப் பொருத்தமான பயிற்சி. செலவும் கயிற்றின் விலைதான்.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சித்திரை வெயிலும் பகலில் ஓடவிடாது. கூரைக்குள் ஓர் இயந்திரம் இருந்தால் பயிற்சி அறுபடாது. வேகத்தையும் சாய்வையும் கச்சிதமாக வைத்து, பக்கவாட்டில் படம்பிடித்து, ஓடும் விதத்தைத் திருத்தவும் முடியும். ஆனால் அதற்குப் பார்த்துத் திருத்தத் தெரிந்த பயிற்றுநர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் இல்லாமல் பெல்ட்டின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால் தொடையின் பின்தசை கிழியவும் கூடும். ஏற்றத்தில் ஓடிப் பழகுவதற்கோ, ஏரிகள் நிறைந்த விழுப்புரம் மாவட்டத்தில் கரைச் சரிவுக்குப் பஞ்சமில்லை.

ஆகவே விழுப்புரம் போன்ற மாவட்டத்தில் செலவழிக்கப் பணம் இருந்தால் முதலில் நல்ல ஓடுதளம், அடுத்து முழுநேரப் பயிற்றுநர், அதன் பிறகுதான் இயந்திரம். காவலர் தேர்வுக்காக ஜிம்மில் பணம் கட்டப்போகும் தம்பிகள் அங்குள்ள டிரெட்மில் எத்தனை கிலோமீட்டர் வரை போகும் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். 24-க்குக் கீழே என்றால் அதை 1,500 மீட்டருக்கு வைத்துக்கொண்டு, 100 மீட்டருக்குக் காலையில் மைதானத்துக்குப் போங்கள்.