“வீட்டுல சும்மா இரும்மா” என்று சொல்லாதீர்கள்

“எங்கம்மாவுக்கு 67 வயசு. இன்னமும் களை எடுக்கப் போறாங்க. அவங்களுக்கு எதுக்கு மேடம் உடற்பயிற்சி?” பேரையூர் பக்கம் மக்காச்சோளத்தில் படைப்புழு பார்க்கப் போன இடத்தில் ஒரு விவசாயி கேட்டார். நாலு வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால், “தேவையே இல்லைண்ணே” என்று நானும் சொல்லியிருப்பேன்.

என் அம்மாவும் கரிசல் காட்டில் பருத்தி எடுத்து, குத்தவைத்துக் களை வெட்டி எங்களைப் படிக்க வைத்தவர். 68 வயதில் முழங்கால் வலி வந்ததும், “போதும்மா, வீட்டுல சும்மா இரு” என்று நான்தான் நிறுத்தினேன். பெரிய உபகாரம் செய்ததாக நினைப்பு. ஒன்றரை வருடத்தில் சுவரைப் பிடிக்காமல் அவரால் தரையிலிருந்து எழ முடியவில்லை. ஒருநாள் விடியற்காலையில் வாசற்படி தடுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. இடுப்பு எலும்பு தப்பியது எங்கள் நல்ல நேரம்.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும். தசையும் வயதோடு கரையும். உட்கார்ந்து எழுந்து செய்த வேலைதான் அம்மாவின் தொடையைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அதை ஒரே நாளில் நிறுத்திவிட்டு, பதிலுக்கு நான் எதையும் கொடுக்கவில்லை.

கையில் கட்டு இருந்ததால் நான்தான் ஊட்டினேன். அப்போதுதான் அவர் தட்டையே கவனித்தேன். காலையில் கஞ்சி, ஊறுகாய். மதியம் சோறு, ரசம். ராத்திரி மிச்சச் சோறு. இரண்டு வேளை டீ. முட்டையும் பருப்பும் பேரப்பிள்ளைகளுக்கு. கறவை மாட்டுத் தீவனத்தில் எவ்வளவு புரதம் வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெற்ற தாய்க்குக் கணக்குப் போட்டதில்லை. ஐ.சி.எம்.ஆர். கணக்கில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 48 கிலோ இருக்கும் அம்மாவுக்கு 40 கிராம் வேண்டும். கிடைத்தது அதில் பாதிதான்.

குதிரைவாலி போடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்பவள் நான். சாப்பிடவும் நல்லதுதான். ஆனால் புரதத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7, ஒரு கிண்ணம் தட்டைப்பயறு சுண்டலில் 7. விட்டுப்போன பாதி இதிலேயே வந்துவிடும். அம்மாவுக்குப் பல் இல்லை, கடலையை வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் கலக்கிறோம். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் புரதத்தைக் கூட்டுங்கள்.

பயிற்சி என்றதும் அம்மா சிரித்தார். “ஏத்தா, நான் செய்யாத வேலையா?” நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, முதலில் ஐந்து முறை, பிறகு பத்து. தூணைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது. பிடித்தபடியே ஒற்றைக் காலில் நிற்பது. சாயங்காலம் கோயில் வரை நடை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிட நடையோடு, மூன்று நாளாவது இப்படித் தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடக்கவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

அன்றைக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் என்னை மடக்கினார். “தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி நூறு வயசு தாண்டியும் தோட்டத்துக்குப் போய், 2021-ல பத்மஸ்ரீ வாங்குனாங்களே, அவங்க என்ன பயிற்சி செஞ்சாங்க?” நியாயமான கேள்வி. அவர் தோட்டத்துக்குப் போவதை நிறுத்தவே இல்லை ஐயா, என்றேன்.

களை எடுக்கப் போகும் அந்த அம்மாவை நிறுத்த வேண்டாம், பாதி நாளாகக் குறையுங்கள், தட்டில் முட்டை வையுங்கள் என்று மகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். என் அம்மா இப்போது திண்ணையிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறார். தரையிலிருந்து இன்னும் முடியவில்லை.