தண்டவாளம் மறைந்த வழியில்

திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் பேருந்தில் ஒருநாள் காலை ஏறி அமர்ந்தோம். கூடை நிறையக் காய்கறியுடன் ஒரு மூதாட்டி, புத்தகப் பையை மடியில் ஏந்திய மாணவர், மருத்துவமனைக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் என்று வண்டி நிறைந்திருந்தது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் போய்வரும் வழிதான் இது. ஆயினும் இவ்வூர்களுக்கிடையே முதலில் மக்களைச் சுமந்தது பேருந்து அன்று. ஒரு சிறிய புகைவண்டி என்பதை இன்று அறிந்தவர் மிகச் சிலரே. அந்தப் பழைய வழியைத் தேடிச் செல்வதே நம் பயணத்தின் நோக்கம்.

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிப் போடப்பட்ட இரும்புப் பாதை ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் வழியாக 1861ஆம் ஆண்டு சேலத்தை எட்டியது. ஜோலார்பேட்டையிலிருந்து பிரிந்த கிளை 1864இல் பெங்களூரை அடைந்தது. இவ்விரு பாதைகளுக்கும் இடையே அகப்பட்டும், இரண்டினாலும் தொடப்படாமல் நின்றவை கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் ஆகிய ஊர்கள். அதன் விளைவு என்ன என்பதைத் தாது வருஷப் பஞ்சம் காட்டிற்று. 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடும் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் பட்ட பாடு சொல்லி முடியாது. கப்பலில் வந்திறங்கிய தானியம் இரயில் நிலையம் வரை வந்து சேர்ந்தது. அதற்கப்பால் அதை இழுத்துச் செல்ல மாடுகள் வேண்டும். மாடுகளுக்கோ தீவனம் இல்லை. இரயில் இல்லாத ஊர் பஞ்ச காலத்தில் கைவிடப்பட்ட ஊர் என்ற உண்மை அப்போது விளங்கிற்று.

பஞ்சத்தை ஆராய்ந்த ஆணைக்குழு 1880இல் அறிக்கை அளித்தது. வருமானம் தராவிடினும், உயிர்காக்கும் பொருட்டுச் சில பாதைகளை அமைத்தே தீரவேண்டும் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. அவற்றைப் பஞ்சக் காப்புப் பாதைகள் என்றனர். அவ்வகையில் பிறந்தவையே நம் பகுதியின் இரு சிறு பாதைகள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏறத்தாழ 25 மைல் நீளமுள்ள பாதை 1905இல் திறக்கப்பட்டது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வரையிலான பாதை 1906இல் திறக்கப்பட்டு, பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக 1913இல் ஓசூர் வரை நீட்டப்பட்டது. தண்டவாளங்களின் இடைவெளி இரண்டரை அடி மட்டுமே. செலவைக் குறைக்கவே இவ்வளவு குறுகலாக அமைத்தனர்; ஆகவே வண்டியும் சிறியது, வேகமும் சிறியது.

நம் பேருந்து கந்திலியைக் கடந்து பர்கூரை அடைந்தது. இடையில் ஒரு மரத்தடியில் நின்றது. ஒரு தாய் குழந்தையுடன் ஏறினார். சிறிது தொலைவில் ஒரு கிளைச்சாலையின் முனையில் மீண்டும் நின்றது, இருவர் இறங்கினர். இதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், சிறிய இரயில் ஏன் தோற்றது என்பது நமக்குப் புரியலாயிற்று. இரயில் தன் நிலையத்தில்தான் நிற்கும். மக்கள் நடந்து சென்று அதற்காகக் காத்திருக்க வேண்டும். பேருந்தோ மக்கள் நிற்கும் இடத்திற்கே வந்து அழைத்துச் செல்கின்றது. 1920களில் தனியார் மோட்டார் பேருந்துகள் நாடெங்கும் பெருகின. சாலைக்கும் இரயிலுக்கும் நேர்ந்த போட்டியை ஆராய 1932இல் அரசாங்கமே மிட்சல், கிர்க்னஸ் என்னும் இரு அதிகாரிகளை அமர்த்த வேண்டியதாயிற்று. குறுகிய தூரக் கிளைப் பாதைகளே அப்போட்டியில் பெரிதும் அடிபட்டன.

பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. போருக்கு இரும்பு தேவைப்பட்டது. இந்தியாவில் ஆதாயமற்றவை எனக் கருதப்பட்ட கிளைப் பாதைகள் பல பெயர்க்கப்பட்டன. மொரப்பூர் - ஓசூர் பாதை 1941இல் மூடப்பட்டது. 1940களின் தொடக்கத்திற்குள் கிருஷ்ணகிரிப் பாதையும் மறைந்துவிட்டது. பசித்த வயிறுகளை எண்ணிப் போடப்பட்ட பாதை, வரவு செலவுக் கணக்கின் முன்னும் போர்க்களத்தின் முன்னும் நிற்க இயலவில்லை.

சென்னை மாநகரிலும் இதுபோன்ற ஒன்று நிகழ்ந்தது. 1895ஆம் ஆண்டு மே மாதம் அங்கே ஓடத் தொடங்கிய மின்சார டிராம் வண்டி, நிறுவனம் நொடித்ததனால் 1953 ஏப்ரலில் நின்றது. டிராம் சென்ற தெருக்களில் பேருந்து ஓடியது. எனினும் சென்னைக்கு வேறு இரயில்கள் இருந்தன, கிருஷ்ணகிரிக்கு இல்லை. போரின்போது பெயர்க்கப்பட்ட போடிநாயக்கனூர்ப் பாதை 1950களில் மீண்டும் போடப்பட்டது. கிருஷ்ணகிரிப் பாதைக்கு அந்தப் பேறும் கிட்டவில்லை.

கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். மலைக்கோட்டையின் நிழலில் அமைந்த இந்நகரம் 2004 முதல் மாவட்டத் தலைநகர்; மாம்பழத்திற்குப் பெயர்பெற்ற ஊர். ஆயினும் நகரில் ஓர் இரயில் நிலையம் இல்லை. பாதை மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கு இரயில் வேண்டும் என்னும் கோரிக்கை ஓயவில்லை. கழற்றுவதற்குச் சில மாதங்கள் போதும். மீண்டும் போடுவதற்கு இரண்டு மூன்று தலைமுறைகளும் போதவில்லை!

அங்கிருந்து வேறொரு பேருந்தில் இராயக்கோட்டை சென்று, கெலமங்கலம் வழியாக மத்திகிரியை அடைந்தோம். மொரப்பூரிலிருந்து வந்த பழைய சிறு இரயில் மத்திகிரியைத் தொட்டுத்தான் ஓசூருக்குச் சென்றதாம். இப்பக்கத்திற்கு மட்டும் இரயில் திரும்பி வந்தது. 1960களின் இறுதியில் சேலம் - பெங்களூர் மீட்டர் கேஜ் பாதை தருமபுரி, ஓசூர் வழியாக அமைந்தது. 1990களில் அது அகலப் பாதையாயிற்று. மொரப்பூரையும் தருமபுரியையும் மீண்டும் இணைக்க 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஓசூரை அடைந்தபோது மாலை. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை முறை மாறும் நேரம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்க, தொழிலாளர் கூட்டம் கூட்டமாகப் பேருந்துகளுக்கு விரைந்தனர். இன்னும் சில கல் தொலைவில் கருநாடகத்தின் அத்திப்பள்ளி. சிறு இரயிலை இழந்த ஓசூரில்தான் 1980இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை எழுந்து, பேருந்துகளையும் சரக்கு வண்டிகளையும் தாங்கும் அடிச்சட்டங்கள் உருவாகலாயின. பெங்களூர் மெட்ரோ இரயில் 2025 ஆகஸ்டு முதல் பொம்மசந்திரா வரை வந்து நிற்கின்றது. அதை ஓசூருக்கு நீட்ட வேண்டும் என்று இங்குள்ளோர் கேட்கின்றனர்.

அன்பார்ந்த வாசகர்களே, இரயில் உயர்ந்தது, பேருந்து தாழ்ந்தது என்று கூற நாம் இதை எழுதவில்லை. இரயில் கைவிட்ட மக்களைத் தாங்கியது பேருந்தே. இரயில் எட்டாத சிற்றூர்களுக்கும் மருத்துவமனையையும் பள்ளியையும் சந்தையையும் அருகில் கொணர்ந்தது பேருந்தே. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு. பஞ்சத்தில் மடிந்தவர்களின் நினைவில் பிறந்த ஒரு பாதையை, அதன் வருமானத்தை மட்டும் எண்ணி மதிப்பிட்டனர். அது தடுக்கவிருந்த துயரத்தின் விலை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இன்றும் வருவாய் இல்லை என்று ஒரு சிற்றூருக்கான கடைசிப் பேருந்து நிறுத்தப்படும்போது அதே பிழை மீண்டும் நிகழ்கின்றது. காலையில் நம்முடன் வந்த மூதாட்டியின் காய்கறிக் கூடைக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை. ஆனால் அவரது வீட்டில் அன்று அடுப்பு எரிவதற்கு அந்தப் பேருந்து வந்தாக வேண்டும்.

உங்கள் இல்லத்தில் வயது முதிர்ந்தோர் இருப்பின், அந்தச் சிறிய புகைவண்டியைப் பற்றி அவர்களுடைய பெற்றோர் சொல்லக் கேட்டதுண்டா என்று ஒருநாள் மாலை வினவுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துச் செல்லலாம். அதன் கதையையேனும் நாம் காத்துக்கொள்வோம்.