எண்ணிய பின்னரே மருந்து

சராசரியைக் கற்பிக்கத் தேர்வுப் புள்ளிகளைத் தவிர வேறு எடுத்துக்காட்டு உண்டா எனத் தேடியதுண்டு. சோயா வயலில் கிடைத்தது.

ஆசியாவைச் சேர்ந்த சோயா அசுவினி 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. இலையின் அடிப்புறத்தில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி அது. கண்டவுடன் மருந்து தெளிப்பதில்லை. வயலின் பல இடங்களில் இலைகளைத் திருப்பிப் பார்த்து எண்ணுவார்கள். செடிக்குச் சராசரி 250ஐத் தாண்டி, பெரும்பாலான செடிகளில் பரவி, எண்ணிக்கையும் ஏறுமுகமாக இருந்தால்தான் தெளிப்பு. 250இல் விளைச்சல் குறைந்துவிடாது. ஏற்பாடு செய்ய ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கிறது என்பதே பொருள். அவசரப்பட்டால் அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் மடியும்.

எங்கள் பள்ளித் தோட்டத்துப் பயற்றங்காய்க் கொடியிலும் கறுப்பு அசுவினி உண்டு. மாணவர்கள் முதலில் நசுக்க முனைந்தது பொறிவண்டின் புழுவைத்தான். முதலைக்குட்டி போலிருக்கும் அதுதான் அருவருப்பாம்! தடுத்து, உருப்பெருக்கியைக் கொடுத்தேன். அது அசுவினியைத் தின்பதைக் கண்டபின் ஒருவரும் தொடவில்லை.

ஒரு மாணவரின் தந்தை அன்புடன் மருந்துப் புட்டி வாங்கித் தந்தார். அந்தக் காய்கள் பிள்ளைகளின் வீட்டுக் குழம்புக்கே செல்கின்றன. சோயாவின் 250 பயற்றங்காய்க்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயிருக்குப் பயிர் எல்லை மாறும். ஆகவே வாரம் இருமுறை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுகிறோம். புட்டி இன்னும் திறக்கப்படவில்லை.