அம்மாயி வீட்டு மாடும் மாயாற்றுப் பாறு கழுகும்

பவானிசாகரிலிருந்து காட்டுக்குள் வந்த பஸ் எங்களை இறக்கிவிட்ட இடம், மாயாற்றின் கரை. எதிர்க்கரையில் தெங்குமரஹாடா. பரிசலுக்காகக் காத்திருந்தேன். போனில் சிக்னல் இல்லை. அதனால்தான் அண்ணாந்து பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

இறக்கையை அசைக்காமல் ஒரு பெரிய பறவை வட்டமடித்துக்கொண்டிருந்தது. "பாறு கழுகுங்க. மேல போனா ஆத்தோரம் நீர்மருது மரத்துல கூடு கட்டியிருக்கும்" என்றார் பரிசல்காரர்.

பிணந்தின்னி என்று நாம் முகம் சுளிக்கிற அதே கழுகு. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஓடும் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் புலி, யானை, வெளிமான் எல்லாம் உண்டு. ஆனால், தமிழ்நாட்டில் பாறு கழுகுகளுக்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடமும் இதுதான். 1990-களுக்குப் பிறகு, இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99 சதவிகிதத்துக்கும் மேல் அழிந்துவிட்டது. காரணம் வேட்டை அல்ல. மாட்டுக்குப் போட்ட வலி ஊசி. டைக்ளோஃபினாக் போட்ட மாடு சீக்கிரமே செத்து, அதைக் கழுகு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடும். கூட்டமாக வந்து தின்னும் பறவை என்பதால், ஒரு மாடே பல கழுகுகளைக் கொல்லப் போதும். வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குச் சட்டென அம்மாயி வீடு ஞாபகம் வந்தது. சத்தியமங்கலம் பக்கம், காட்டை ஒட்டிய ஊர். 2012-ல் செவலை மாடு எழ முடியாமல் படுத்துவிட்டது. யாரோ வந்து ஊசி போட்டார்கள். மறுநாள் செத்துப்போனது. பள்ளத்தில் இழுத்துப் போட்டார்கள்.

மாடுகளுக்கான டைக்ளோஃபினாக்கை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். ஆனால், மனிதர்களுக்கான பெரிய பாட்டில் கடையில் கிடைத்தது. அதை மாட்டுக்கும் போட்டார்கள். 2015-ல்தான் அந்தப் பெரிய பாட்டிலுக்கும் தடை வந்தது.

திரும்பும் வழியில் அம்மாயி வீட்டுக்குப் போய், அது என்ன ஊசி என்று கேட்டேன்.

"எந்த ஊசின்னு யாரு கண்ணு பார்த்தா? ராத்திரி பூரா கத்துச்சு. எந்திரிச்சா போதும்னு இருந்துச்சு."

அந்த வலியைப் பக்கத்திலிருந்து பார்த்தவரிடம், கழுகுக் கதையை எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மருந்து இருப்பதையும் சொன்னேன்.

அம்மாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. கட்டுத்தறியில் இப்போது ஒரே ஒரு மாடு.

"அந்தப் பேரை எழுதிக் குடு சாமி. மாட்டு டாக்டர்கிட்டக் காட்டோணும்."

காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.