கருவிக் குறையும் உயிரும்

தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் ஆணவ இருளிற் கிடந்த உயிர்கட்கு இறைவன் கருணையாற் கூட்டிய சாதனங்கள் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. சாதனம் வேறு, அதனைக் கொண்டு அறிவோன் வேறு. சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் ஆன்மாவை அரசனோடும் அந்தக்கரணங்களை அமைச்சரோடும் ஒப்பித்து இதனை விளக்கும்.

இத்துணிபு ஏட்டளவில் நில்லாது வாழ்விற்கு வேண்டப்படும் இடம் ஒன்றுண்டு. மண்டையின் பின்புறத்தே அமைந்த சிறுமூளை, எடையில் மூளையின் 10-இல் ஒரு பங்கேயாயினும், மூளையின் நரம்பணுக்களில் 100-க்கு ஏறத்தாழ 80 அதன்கண்ணே உள்ளன. நிற்றல், நடத்தல், கைநீட்டிப் பொருளைத் தொடுதல், சொல்லைத் திருத்தமாக உச்சரித்தல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது அதுவே. சில குழவிகட்குக் கருவிலேயே இதன் நடுப்பகுதி முற்ற வளராது போக, அதனை அடுத்த நான்காம் மூளையறை நீர்ப்பைபோல் விரிகின்றது. 1914-இல் டாண்டி, பிளாக்ஃபான் என்னும் அமெரிக்க மருத்துவரும், 1942-இல் டாகார்ட், வாக்கர் என்பாரும் இதனை ஆராய்ந்தெழுதினர். 1954-இல் பெண்டா என்பவர் இட்ட பெயரால் இது டாண்டி–வாக்கர் குறை எனப்படும். பலர்க்கு மூளைநீர் தேங்கித் தலை பருக்கும். அந்நீரை நுண்குழாய் வழியே வயிற்றினுட் செலுத்தி மருத்துவர் அழுத்தந் தணிப்பர். சிலர் நடை தள்ளாடினும் இயல்பான அறிவினராய் வளர்வர். சிலர்க்குச் சொல்லும் கல்வியும் அரியவாம்.

இத்தகைய குழவியை ஏந்தித் திருக்கோயிலுக்கு வரும் தாயின் செவியில், "எல்லாம் முன்வினை" என்னுஞ் சொல் விழுவதுண்டு. சொல்வார் சித்தாந்தம் பேசியதாகவே எண்ணுவர். வினையுண்மை சைவ நூல்கட்கு உடன்பாடே. ஆயினும், எவ்வுயிர்க்கு எவ்வினைப்பயனை எப்பொழுது கூட்டுவது என்றறிவோன் இறைவன் ஒருவனே, அவ்வறிவு பிறர்க்கில்லை. தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உதவுங் கொள்கையைப் பிறர் துன்பத்தின்மீது எறியுங் கல்லாக்குதல் அக்கொள்கைக்கே இழுக்காம். அன்றியும், கருவி குறைந்துழி உயிரே குறைந்தது என்பார், உடலே உயிரென்னும் உலகாயதர் வழிச் சென்றவராவர். அமைச்சன் தளர்ந்தான் எனின் அரசன் இல்லை என்பது பொருளன்று.

அற்றேல், உயிர் குறைவின்றி நிற்பதாயின் உடற்குறையைப் பற்றிக் கவலுதல் எற்றுக்கு எனின், அதுவும் பொருந்தாது. கருவியின்றி உயிர்க்கு அறிவு விளங்காது என்பதும் சித்தாந்தமே. ஆதலின், தேங்கிய நீரை வடித்து உதவும் மருத்துவரும், நாடோறும் கைபிடித்து நடைபயிற்றும் தாயும், இறைவன் அவ்வுயிர்க்கு ஈந்த கருவியைப் பேணித் திருத்துவோராவர். அது சிவபுண்ணியமேயாம். அக்குழவிக்குச் சந்நிதியில் இடம் விட்டு, அத்தாயின் சுமையிற் பங்குகொள்ளுதல் அடியார்க்குரிய செயல். வினையை அளந்து கூறுதல் அவர்க்குரியதன்று.

திருச்சிற்றம்பலம்.